31 அடி மோட்டார்ஹோம், இரண்டு ஓட்டுநர்கள்: யார் எங்கே ஓட்டுவது?

கல்லணைக்காற்று கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவில் பத்து நாள் பயணம், நானும் என் கணவரும் மட்டும். லாஸ் வேகஸில் 31 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் முகப்பில் கட்டிய வீட்டு வண்டி; ஃபோர்டு ஈ-450, பின்னால் இரட்டை டயர்) வாடகைக்கு எடுக்கிறோம். சயான், பிரைஸ் (இரண்டும் யூட்டாவின் தேசியப் பூங்காக்கள்), அரிசோனாவின் பேஜ் ஊர், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, திரும்ப வேகஸ் என்பது திட்டம். இருவருக்கும் டெக்சஸ் லைசென்ஸ் இருக்கிறது. எனக்கு மினிவேன் ஓட்டிப் பழக்கம், அவருக்கு பிக்கப். இதைவிடப் பெரிய வண்டியை இருவருமே தொட்டதில்லை. அவருக்கு 61 வயது. இருட்டிவிட்டால் எதிர் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பார்.

கேள்விகள் மூன்று. ஓட்டுவதை மணிக்கணக்கில் பிரிப்பதா, நாள் கணக்கில் பிரிப்பதா? எனக்கு எந்தப் பகுதி சரிவரும்? கிளம்புவதற்கு முன் எவ்வளவு பயிற்சி போதும்? சயானிலிருந்து பிரைஸுக்கு 9-ஆம் எண் சாலையில் 85 மைல் என்று கைபேசி காட்டுகிறது. அதை என் பங்காக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

---

ஆறுசக்கரம் பதில்:

கடைசிக் கேள்விதான் அவசரம், அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த 85 மைல் வழி உங்களுக்கும் கிடையாது, உங்கள் கணவருக்கும் கிடையாது. அது சயான்–மவுண்ட் கார்மல் சுரங்கம் வழியாகப் போகிறது. 1930-இல் திறந்த, 1.1 மைல் நீளச் சுரங்கம். வளைவுக்கூரை என்பதால் ஓரத்தில் உயரம் குறைவு. முன்பெல்லாம் 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டிய வண்டி வந்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு எதிர்ப்போக்குவரத்தை நிறுத்தி, நடுவில் விடுவார்கள். 2026 நடுவிலிருந்து அந்த ஏற்பாடும் நின்று, பெரிய வண்டிகளுக்கு வழியே இல்லை என்றாகிவிட்டது. உங்கள் வண்டி உயரம் ஏறக்குறைய 12 அடி, கண்ணாடிகளை மடக்கினாலும் அகலம் 8 அடிக்கு மேல்.

மாற்று வழி: சயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரிலிருந்து வந்த வழியே ஹரிக்கேன் வரை திரும்பி, யூட்டா 59, அரிசோனா 389 பிடித்து ஃபிரடோனியா, அங்கிருந்து கனாப், பிறகு யுஎஸ் 89 வடக்கே, யூட்டா 12 கிழக்கே. மொத்தம் ஏறக்குறைய 160 மைல். கைபேசி சில சமயம் சீடர் சிட்டி பக்கம் போய் யூட்டா 14-இல் ஏறச் சொல்லும். அது 10,000 அடியை நெருங்கும் மலைப்பாதை, செங்குத்து. முதல் வாரத்து ஓட்டுநருக்கு வேண்டவே வேண்டாம். கைபேசி வரைபடத்துக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. உயரத்தை அடி அங்குலமாக ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி சன் வைசரில் ஒட்டிவிடுங்கள்.

இனி பங்கீடு. மணிக்கணக்கு, நாள்கணக்கு இரண்டும் உதவாது. சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்த ஊரில் ஆள் மாறுவது என்று முந்தின இரவே எழுதிவைப்பதுதான் வழி. களைத்த பிறகு மாற நினைத்தால் ஒதுங்க இடம் இருக்காது. 89-இல் பல மைலுக்கு 31 அடி வண்டி நிற்கிற அகலத்தில் சாலையோரம் கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி ஆள் மாறுவதைப் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள். பெட்ரோல் நிலையம், ஓய்விடம், கடை வாகன நிறுத்தம், இவ்வளவுதான்.

உங்கள் வழிக்கு என் கணக்கு இது.

முதல் நாள், வேகஸ்–ஸ்பிரிங்டேல், 160 மைல். ஊரைவிட்டு வெளியே கொண்டுவருவது அவர். ஊர் தாண்டியதும் முதல் பெரிய டிரக் நிலையத்தில் மாறி, மெஸ்கீட் வரை நீங்கள். ஐ-15 நெடுஞ்சாலை அங்கே நேர்கோடு, லேன் அகலம், முதல் மணி நேரத்துக்கு அதைவிட நல்ல பாடசாலை இல்லை. மெஸ்கீட்டில் அவரிடம் கொடுங்கள், ஏனென்றால் அடுத்து வர்ஜின் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பாறைச் சுவர், அடுத்தடுத்து வளைவு, இடுக்கில் திடீர்க் காற்று. வேக வரம்புப் பலகை எவ்வளவு சொன்னாலும், அது உங்களுக்கல்ல. 60 முதல் 65 மைல், வலது லேன்.

பிரைஸ்–பேஜ் 150 மைலில் கனாப் வரை ஒருவர், கனாபிலிருந்து பேஜ் வரை மற்றவர். கனாபில் பெட்ரோலும் மளிகையும் முடித்துவிடுங்கள், பிறகு 70 மைல் வெட்டவெளி. பேஜ் போய்ச் சேரும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், யூட்டா கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும், அரிசோனா வைக்காது. ஒரு மணி நேரம் லாபம் என்று நினைத்துக் கிளம்பத் தாமதித்தால் ஏமாறுவீர்கள். அக்டோபர் நடுவில் பேஜில் 6 மணிக்கே சூரியன் இருக்காது. அவர் கண்ணுக்காகச் சொல்கிறேன்: பிற்பகல் 3 மணிக்கு முகாம் தளத்தில் நின்றுவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

பின்கண்ணாடி பதில்:

ஆறுசக்கரம் வழியைச் சொல்லிட்டார், நான் பயிற்சியைப் பத்திச் சொல்றேன். வண்டி எடுத்த அன்னிக்கே ஒரு காலி பார்க்கிங்ல ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. ஆளுக்கு ஒரு மணி. ஞாயிறு காலைல பெரிய கடைகளோட பின்பக்கம் காலியா இருக்கும். நாலு கோன் வேணும், கிடைக்கலேன்னா தண்ணி கேன் போதும்.

மினிவேனுக்கும் இதுக்கும் வித்தியாசம் நீளத்துல இல்ல, பின்சக்கரம் எங்க இருக்குங்கறதுல. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல பதினெட்டரை அடி. பின் அச்சுக்குப் பின்னால இன்னும் பத்தடி வால் நீட்டிட்டிருக்கும். இதனால ரெண்டு தொல்லை, ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம். முழுசா ஒடிச்சு வலது திரும்பினா, வலது பின்சக்கரம் முன்சக்கரத்தோட தடத்தைவிட ஆறடிக்கு மேல உள்ளே வெட்டும், நடைபாதைக் கல்லுல ஏறும். அதே நேரம் இடது பின்மூலை ரெண்டடி வரைக்கும் வெளியே வீசும், பக்கத்து லேன்ல நிக்கிற வண்டியைத் தொடும்.

இதைக் கண்ணால பார்க்காம நம்ப முடியாது. ஒருத்தர் பார்க்கிங் கோட்டை ஒட்டி நேரா நிறுத்துங்க. மற்றவர் பின்மூலைக்கு மூணடி தள்ளி வெளியே நின்னுக்கணும். ஸ்டியரிங்கை முழுசா எதிர்ப்பக்கம் ஒடிச்சு, நடை வேகத்துல பத்தடி முன்னால போங்க. மூலை கோட்டைத் தாண்டி எவ்வளவு வந்துச்சுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்குங்க. அப்புறம் ஆள் மாத்திச் செய்யுங்க. ஓட்டறவர் கண்ணாடிலயும் பார்க்கணும், வெளியே நின்னும் பார்க்கணும்.

வாடகை வண்டிகள்ல அதிகமா அடி வாங்கற இடம் பெட்ரோல் பம்ப். உள்ளே போகும்போது ஒண்ணும் ஆகாது. கிளம்பும்போது பம்பை விட்டு விலகறதா நினைச்சு உடனே ஒடிப்பாங்க, வால் வந்து மஞ்சள் இரும்புக் கம்பத்துல இடிக்கும். பின் பம்பர் கம்பத்தைத் தாண்டற வரைக்கும் நேராத்தான் போகணும். அதுக்கு முன்னால இடம் வேணும், அதனால வெளி ஓர வரிசைய எடுங்க. 55 கேலன் டாங்க், கேலனுக்கு 7லேர்ந்து 10 மைல். பாதி டாங்க்ல நிரப்பற பழக்கம் வச்சுக்கிட்டா பெரிய டிரக் நிலையமாப் பார்த்து நிறுத்தலாம், இடுக்குப் பம்ப்ல மாட்ட வேண்டியதில்ல.

அடுத்தது லேன்ல நிக்கிற இடம். மினிவேன்காரங்க எல்லாரும் வலது ஓரத்துக்கு ஒதுங்குவாங்க, நடுக்கோடு பக்கத்துல தெரியுதேன்னு பயம். வலது கண்ணாடி அஞ்சல் பெட்டியையோ பலகையையோ தட்டும். ரெண்டு கீழ்க்கண்ணாடியும் குமிழ்க் கண்ணாடி, அதுல பின்டயரும் வெள்ளைக் கோடும் சேர்ந்து தெரியற மாதிரி வச்சுக்குங்க. ரெண்டு பக்கமும் டயருக்கும் கோட்டுக்கும் ஒரே இடைவெளி தெரிஞ்சா நடுவுல இருக்கீங்க.

சீட்டு: உங்க ரெண்டு பேருக்கும் உயரம் வேறன்னா, சீட்டு நிக்கிற இடத்தை ஆளுக்கொரு நிற டேப்ல தரையில குறிச்சுடுங்க. இந்த வண்டியில எஞ்சின் பாதி உள்ளேதான் இருக்கு, நடுவுல அதோட மூடி. சின்ன உருவம்னா முதுகுக்குப் பின்னால கெட்டியான மெத்தை வச்சுக்குங்க. பிரேக்கை அடிவரை மிதிச்சப்பவும் முழங்கால் லேசா மடங்கியிருக்கணும். ஆள் மாறின உடனே சீட்டு, ஸ்டியரிங் சாய்வு, நாலு கண்ணாடி, இந்த வரிசையில சரி பண்ணிட்டுத்தான் கியரைத் தொடணும். மூணு நிமிஷ வேலை.

---

மைல்கல் பதில்:

மேலே இருவரும் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். சுலபமான நேர்ச்சாலையெல்லாம் மனைவிக்கு, மலையெல்லாம் கணவருக்கு என்று பிரிப்பது பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எட்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? இறக்கமே பழகாத ஒருவர் கையில் 14,500 பவுண்டு வரை எடையுள்ள வண்டி. இருவரும் தினமும் கொஞ்சமாவது ஓட்ட வேண்டும். காற்றில்லாத ஒரு காலையில் இருவரும் ஆளுக்கு ஒரு நல்ல இறக்கமாவது இறக்கியிருக்க வேண்டும்.

உங்கள் வழியில் அதற்குப் பொருத்தமான இடம் பேஜுக்குத் தெற்கே யுஎஸ் 89 பிட்டர் ஸ்பிரிங்ஸ் நோக்கி, மலையை வெட்டிய பாதையில் இறங்கும் இடம். 2013-இல் சரிந்து, 2015-இல் மறுபடி திறந்த சாலை அதுதான். இப்போது நன்றாக இருக்கிறது. காலை 9 மணிக்கு நீங்கள் இறக்குங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முறை இது. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தை 45-க்குக் கொண்டுவந்து, கியர் நெம்புகோல் நுனியில் இருக்கும் டோ/ஹால் பொத்தானை அழுத்துங்கள். பிரேக்கைத் தொட்டதும் கியர்பெட்டி தானே ஒரு கியர் இறங்கி எஞ்சினால் வண்டியைப் பிடிக்கும். எஞ்சின் உறுமும், சுழற்சிமானி முள் 4,000 வரைகூடப் போகும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பொத்தானை அணைத்துவிட்டு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவார்கள். பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்க நிற்காமல் போவது அப்போதுதான். 45-ஐத் தாண்டினால் நன்றாக மிதித்து 40-க்குக் கொண்டுவந்து, பிரேக்கிலிருந்து பாதத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி 45 ஆகும்போது அதே போல. லேசாக வைத்துக்கொண்டே இருப்பதுதான் கெடுக்கும். கருகிய வாடை வந்தால் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேமரனிலிருந்து கிராண்ட் கேன்யனுக்கு அரிசோனா 64-இல் 4,200 அடியிலிருந்து 7,400 அடிக்கு மேல் ஏறவேண்டும். ஏற்றத்துக்குப் பொறுமை மட்டும் போதும், பின்னால் ஐந்து வண்டி சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். பூங்காவுக்குள் டெசர்ட் வியூ சாலையில் 25 மைல் மான் நடமாட்டம், அந்திக்கு முன் முடித்துவிடுங்கள்.

காற்றைப் பற்றி ஒரு சொல். பெரிய டிரக் முந்தும்போது முதலில் உங்களை வெளியே தள்ளும், தாண்டும்போது உள்ளே இழுக்கும். பழகாதவர் முதல் தள்ளலுக்கு ஸ்டியரிங்கை ஒடிப்பார், அடுத்த நொடி இழுப்பும் சேர்ந்து அதே பக்கம் கொண்டுபோகும். டிரக் கண்ணாடியில் தெரியும்போதே வலப்பக்கம் ஒரு சாண் நகர்ந்து, பிடியைத் தளரவிடாமல், பார்வையைத் தூரத்தில் வைத்தால் தானாகச் சரியாகும். காற்று எச்சரிக்கை வந்த நாளில் யார் ஓட்டுவது என்ற கேள்வியே வேண்டாம். தங்கிவிடுங்கள்.

முன் வண்டிக்கு இடைவெளி: வண்டி நீளத்தில் பத்தடிக்கு ஒரு நொடி, 40 மைல் வேகத்துக்கு மேல் இன்னும் ஒரு நொடி. உங்களுக்கு நான்கு நொடிக்கு மேல். மழை என்றால் இரட்டிப்பு.

---

கல்லணைக்காற்று கேட்டது:

சுரங்கம் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி, அங்கே போய் நின்றிருப்போம். இன்னும் இரண்டு சந்தேகம். ஓட்டாதபோது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யவேண்டும்? (இல்லாத பிரேக்கை மிதிப்பதைத் தவிர.) அவர் ஓட்டும்போது நான் பின்னால் படுத்துக்கொள்ளலாமா? ரிவர்ஸ் எடுக்கும்போது யார் ஓட்டுவது, யார் வழிகாட்டுவது?

---

பின்கண்ணாடி பதில்:

பின்னால படுக்கக்கூடாதுங்க. பெல்ட் உள்ள சீட்டுலதான் ரெண்டு பேரும். டீ போடறது, பாத்ரூம் போறது எல்லாம் வண்டி நின்ன பிறகு. 60 மைல் வேகத்துல ஒரு பிரேக் போட்டா நடந்துக்கிட்டிருந்தவங்க முன்கண்ணாடி வரைக்கும் வருவாங்க.

பக்கத்து சீட்டுக்கு நிஜமாவே வேலை இருக்கு. வரைபடம், அடுத்த திருப்பம், அடுத்த பெட்ரோல், வலது கண்ணாடி. பேசற விதம் முக்கியம். "பிரேக், பிரேக்"னு கத்தினா ஓட்டறவருக்கு எதுக்குன்னே தெரியாது, எங்கேன்னு தேடறதுலயே ஒரு நொடி போயிடும். என்ன பார்த்தீங்களோ அதைச் சொல்லுங்க: "வலது பக்கம் சைக்கிள்", "ரெண்டு மைல்ல இடது", "முன்னாடி சிவப்பு விளக்கு". என்ன செய்யணும்ங்கறது ஸ்டியரிங் பிடிச்சவர் முடிவு. ஒரே ஒரு கட்டளைச் சொல்லு மட்டும் வச்சுக்குங்க, "நில்லுங்க". அதைக் கேட்டா காரணம் கேக்காம நிறுத்தணும். அதனாலயே அதைச் சும்மா சொல்லக்கூடாது.

கனாபுக்கு ரெண்டு பக்கமும், 89 நெடுகவும் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்னாடியே இறக்கி வச்சுக்குங்க.

ரிவர்ஸுக்கு: ரெண்டு பேருமே ரெண்டும் பழகணும், ஆனா தளத்துக்குள்ள நிறுத்தறப்ப அன்னிக்கு யார் தெளிவா இருக்காங்களோ அவங்க. வழிகாட்டறவர் ஓட்டறவர் பக்கத்துப் பின்மூலைக்கு வெளியே, கண்ணாடில தெரியற இடத்துல நிக்கணும். நேர் பின்னால நிக்கவே கூடாது. "உங்க முகம் எனக்குத் தெரியலேன்னா நான் நிறுத்திடுவேன்", இதுதான் ஒப்பந்தம். இடது வலதுன்னு சொல்லாதீங்க, எதிரும் புதிருமா நிக்கும்போது குழம்பும். "ஓட்டுநர் பக்கம்", "கதவுப் பக்கம்"னு சொல்லுங்க. வால் எந்தப் பக்கம் வரணுமோ அந்தப் பக்கத்தைச் சொல்லணும், ஸ்டியரிங்கை எப்படித் திருப்பணும்னு சொல்லக்கூடாது. ரெண்டு சின்ன வாக்கிடாக்கி வாங்கிக்குங்க, கைபேசி நம்பிக்கை இல்ல. கேமரா கீழதான் காட்டும், மரக்கிளையைக் காட்டாது. ரிவர்ஸ் தொடங்கறதுக்கு முன்னாடி ஓட்டறவரும் இறங்கி மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்க்கட்டும்.

---

ஆறுசக்கரம் பதில்:

கிளம்பும் சோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, சண்டையெல்லாம் அங்கேதான் வரும். "நீ எடுத்தாய் என்று நினைத்தேன்" என்று சொல்லிக்கொண்டே மின்கேபிளை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வெளிவேலை ஒருவர்: மின்கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், பக்கவாட்டுச் சாமான் அறைகளின் பூட்டு, படி. உள்வேலை மற்றவர்: ஸ்லைடு (வெளியே நீளும் சுவர்ப்பகுதி) உள்ளே, கூரை ஜன்னல் மூடி, ஃப்ரிட்ஜ் கதவுக் கொக்கி, அடுப்பு, மேசைமேல் எதுவும் இல்லை. முடிந்ததும் இடம் மாறி ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கவேண்டும். அன்று முதலில் ஓட்டுபவர் தன் கண்ணால் ஒரு சுற்றுப் பார்க்காமல் சாவியைத் திருகக்கூடாது.

டயர் காற்று காலையில், வண்டி ஓடும் முன். அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். பின்னால் உள்டயர் வெளியே தெரியாது, காற்று இறங்கினாலும் வெளிடயர் சுமந்துகொண்டு ஓடும், பிறகு அதுவும் சூடேறி வெடிக்கும். இருமுனை உள்ள நீளக் காற்றுமானி வாங்கி ஆறையும் பாருங்கள்.

ஆள் மாறும்போது உள்ளுக்குள்ளேயே இருக்கை தாண்டாதீர்கள். கால் பிரேக்கை மிதித்து, பார்க்கில் போட்டு, பார்க்கிங் பிரேக் இட்டு, இருவரும் இறங்கி எதிரெதிர்த் திசையில் வண்டியைச் சுற்றி வாருங்கள். சக்கர நடுவில் தொடாமல் புறங்கையை அருகே காட்டுங்கள். நான்கு மூலையில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடவில்லை என்று பொருள், வாடகை நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் ஓட்டுநராக எழுதப்பட்டிருக்கவேண்டும். கணவன் மனைவி என்பதால் தானாகச் சேராது. இருவரும் லைசென்ஸோடு நேரில் நில்லுங்கள். பெயரில்லாதவர் ஓட்டும்போது இடித்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

---

மைல்கல் பதில்:

கடைசி நாளைப் பிரிக்க மறந்துவிட்டோம். தெற்கு விளிம்பிலிருந்து வேகஸ் 280 மைல், உங்கள் பயணத்திலேயே நீளமானது. வண்டியைத் திருப்பித்தரும் நேரம் பெரும்பாலும் முற்பகல், அதனால் இதை முந்தின நாளே ஓட்டி போல்டர் சிட்டி பக்கம் தங்குங்கள். வில்லியம்ஸ் வரை 60 மைல் ஒருவர். வில்லியம்ஸ்–ஆஷ் ஃபோர்க் நீண்ட இறக்கம், 18 மைலில் 1,600 அடி, அதைத் தொடர்ந்து கிங்மன் வரை மற்றவர். கிங்மனிலிருந்து யுஎஸ் 93-இல் முதலாமவர். பிற்பகலானால் மேற்கு வெயில் நேரே கண்ணில் விழும் என்பதால், உங்கள் கணவருக்குக் காலைத் துண்டைக் கொடுத்துவிட்டு கிங்மனுக்குப் பிந்திய பகுதியையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஹூவர் அணை மேல் வண்டியை விடவேண்டாம், புறவழிப் பாலத்திலேயே போய்விடுங்கள். ஆற்றுக்கு 890 அடி மேலே என்றாலும் ஓரச்சுவர் உயரமாக இருப்பதால் ஓட்டுபவருக்குக் கீழே எதுவும் தெரியாது. காற்று மட்டும் கவனம்.